கார்பனுக்குப் பதில் அலுமினா (அலுமினியம் ஆக்சைடு) அனுப்பியது பற்றிய புகார்

அனுப்புநர்: ஆராய்ச்சி மாணவி, வேதியியல் துறை, பாளையங்கோட்டை
பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவை

ஐயா, வணக்கம்.

நான் ஆர்டர் செய்தது கார்பன் தூள் மேல் ருத்தேனியம் உலோகத்தை 5 சதவீதம் ஏற்றிய வினையூக்கி, 10 கிராம். பில்லிலும் அப்படித்தான் இருக்கிறது. பாட்டிலைத் திறந்தால் கரிக்கறுப்பாக இல்லை, சாம்பல் நிறம். உடனே போன் செய்தேன். "கார்பன் ஸ்டாக் இல்லை மேடம், அலுமினாவில் அனுப்பியிருக்கோம். ருத்தேனியம் அதே 5 சதவீதம்தான், ஒண்ணும் ஆகாது" என்றார்கள். விற்கிறவர்கள் சொல்கிறார்களே என்று நம்பிவிட்டேன்.

திசையன்விளைப் பக்கம் வாங்கிய பனைமட்டையைக் காற்றுப் படாமல் சுட்டு எண்ணெய் எடுக்கிறோம். அதில் ஆக்சிஜன் அதிகம், வைத்திருந்தாலே கெட்டியாகிவிடும். தண்ணீரும் கலந்தே வரும். அதனால்தான் தண்ணீரிலேயே ஹைட்ரஜன் கொடுத்து ஆக்சிஜனை நீக்கப் பார்க்கிறோம். முதலில் அந்த எண்ணெய்க்குப் பதில், மாதிரிக்காகக் குவையகோல் என்ற ஒற்றைச் சேர்மத்தை வைத்து 250 டிகிரியில் ஓட்டினேன். அந்தச் சூட்டில் தண்ணீரின் ஆவி அழுத்தமே 40 பார் வரும், ஹைட்ரஜன் அதற்கு மேல்.

முதல் தடவை சுமாராக வந்தது. வினையூக்கியை வடிகட்டி, காயவைத்து, மறுபடி போட்டேன். இரண்டாவது தடவை குவையகோலில் பெரும்பகுதி அப்படியே திரும்பி வந்தது. ஆட்டோகிளேவின் (வினை நடக்கும் அழுத்தக் கலன்) அடியில், அரிசி களைந்த தண்ணீர் தெளிந்தால் படியுமே, அதுபோல வெளிறிய வண்டல். வடிதாளில் ஊற்றினால் சொட்டுகூட இறங்கவில்லை.

அது என்னவென்று பார்க்கக் காசு கட்டி எக்ஸ்ஆர்டி (படிக அமைப்பைக் காட்டும் எக்ஸ்-கதிர்ச் சோதனை) எடுத்தேன். 14.5 டிகிரிக்குப் பக்கத்தில் கூர்மையான உச்சி, அதாவது போமைட் (தண்ணீர் சேர்ந்த அலுமினியம் ஆக்சைடு). நீங்கள் அனுப்பிய காமா வகை அலுமினா வெந்நீரை உறிஞ்சி வேறு பொருளாகவே மாறிவிட்டது. மேலே இருந்த ருத்தேனியம் அதற்குள் புதைந்துபோயிருக்கும். முழுதாக மாறினால் அலுமினாவின் எடையே சுமார் 18 சதவீதம் கூடும். 200 டிகிரித் தண்ணீரிலேயே இது நடக்கும் என்று 2011-லேயே ஆய்வுக் கட்டுரை வந்திருக்கிறது. தெரிந்துதான் கார்பன் கேட்டேன். உலோகம் ஒன்றுதானே என்று நீங்கள் மாற்றியது எப்படிச் சரியாகும்? வெந்நீரில் உலோகம் எதன் மேல் உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் பாதிக் கணக்கு.

நான் கேட்ட கார்பன் சரக்கை, அந்த லாட்டின் தரச்சான்றோடு உங்கள் செலவில் அனுப்புங்கள். எக்ஸ்ஆர்டி கட்டணத்தையும் தர வேண்டும், ரசீது இணைத்திருக்கிறேன். அப்புறம், ஸ்டாக் இல்லையென்றால் இல்லை என்று சொல்லிவிடுங்கள். நாங்கள் காத்திருப்போம்.

மீதி அலுமினா சரக்கு உங்கள் பாட்டிலிலேயே மூடி வைத்திருக்கிறேன். எப்போது எடுத்துக்கொள்வீர்கள் என்று எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஆராய்ச்சி மாணவி