பூட்டியதோடு வேலை முடியவில்லை: சுங்கை சிப்புட் ஹோம் தியேட்டர் கடைக்காரர்களுக்கும் பூட்டுபவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஹோம் தியேட்டர் செட் விற்கும் கடைக்காரர்களுக்கும், அதை வீடு வீடாகக் கொண்டுபோய்ப் பூட்டிக் கொடுக்கும் அண்ணன் தம்பிமார்களுக்கும் வணக்கம்.

உங்களிடம் ஒரே ஒரு விஷயம் கேட்கத்தான் இதை எழுதுகிறேன். ஸ்பீக்கரைப் பூட்டுகிறீர்கள், வயர் இழுக்கிறீர்கள், ஒரு பாட்டைச் சத்தமாகப் போட்டுக் காட்டிவிட்டுக் கிளம்புகிறீர்கள். கிளம்பும் முன், அந்த வீட்டார் உட்காரும் இடத்தில் முன் ஸ்பீக்கரின் சத்தமும் பின் ஸ்பீக்கரின் சத்தமும் ஒரே அளவில் வந்து சேர்கிறதா என்று அளந்து, சரிசெய்துவிட்டுப் போங்கள். அரை மணி நேரம்கூடப் பிடிக்காத வேலை. நான் போய்ப் பார்த்த பல வீடுகளில் இந்த வேலை நடக்கவே இல்லை.

உங்கள் உழைப்பைக் குறை சொல்லவில்லை. சிமெண்டுச் சுவரில் துளை போடுவதும், வயர் கண்ணில் படாமல் கேசிங்குக்குள் தள்ளுவதும் எவ்வளவு சிரமம் என்று பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அவ்வளவு பாடுபட்டுப் பூட்டியது கடைசிக் கட்டத்தில் கெட்டுப்போகிறதே என்பதுதான் என் வருத்தம்.

எங்கள் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) ஒரு பெரியம்மா இருக்கிறார். பால்மரம் வெட்டியே பிள்ளைகளை ஆளாக்கியவர். சிங்கப்பூரில் வேலை செய்யும் மகன் தீபாவளிக்கு வந்தபோது அம்மாவுக்கென்று ஒரு 5.1 செட் (ஐந்து ஸ்பீக்கரும் ஒரு வூஃபரும்) வாங்கிப் பூட்டிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு பெரியம்மா படம் பார்க்கும்போதெல்லாம் ரிமோட் கையிலேயே இருக்கும். யாராவது பேசினால் சத்தத்தை ஏற்றுவார், சண்டை வந்தால் அவசரமாக இறக்குவார். “பேசுறது ஒண்ணும் வெளங்கல, ஐயா. என் காதுதான் போச்சு போல” என்றார். மகனிடம் அவர் இதைச் சொல்லவில்லை. அவ்வளவு காசு போட்டு வாங்கிக் கொடுத்திருக்கிறான், மனசு நோகுமே என்று.

அவர் காதில் ஒரு கோளாறும் இல்லை. அவர் உட்காரும் இடத்தில் சத்தம் அளக்கும் மீட்டரைப் பிடித்து, ஸ்பீக்கர்களை இயக்கும் பெட்டியான ரிசீவரின் டெஸ்ட் டோனை, அதாவது அளப்பதற்கென்று அது எழுப்பும் இரைச்சலை, ஓடவிட்டோம். முன்பக்கம் இடது 73 டெசிபல், வலது 72. நடுவில் இருக்கும் சென்டர் 67. பின்பக்கம் வலது 74. இடது பின் ஸ்பீக்கர் 82!

காரணத்தைத் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. சென்டர் ஸ்பீக்கரை டிவி அலமாரியின் அடித்தட்டில், ஆஸ்ட்ரோ பெட்டிக்குப் பின்னால் உள்ளே தள்ளி வைத்திருந்தார்கள். இடது பின் ஸ்பீக்கர் பெரியம்மா எப்போதும் உட்காரும் சோபா ஓரத்துக்குப் பக்கத்திலேயே, கை நீட்டினால் எட்டும் தூரத்தில், நேராக அவர் காதைப் பார்த்துத் திருகப்பட்டிருந்தது. வலது பின் ஸ்பீக்கரோ சமையலறை வாசலுக்கு மேலே. படத்தில் வரும் வசனத்தில் பெரும்பகுதி சென்டர் ஸ்பீக்கரில்தான் வருகிறது. அது அலமாரிக்குள் முனகுகிறது. மழையும் கூட்டத்தின் இரைச்சலும் பின்னணி இசையும் காதுக்குப் பக்கத்தில் அடிக்கிறது. வசனம் எப்படி விளங்கும்?

சென்டரை வெளியே எடுத்து அலமாரியின் மேல்தட்டு விளிம்புக்குக் கொண்டுவந்து, முகத்தைப் பார்க்கும்படி கொஞ்சம் சாய்த்து வைத்தோம். இடது பின் ஸ்பீக்கரைக் கழற்றி, உட்கார்ந்திருப்பவரின் காது மட்டத்துக்கு இரண்டு அடிக்கு மேலே ஏற்றி, சோபாவின் மறு ஓரத்தைப் பார்த்துத் திருப்பிவிட்டோம். பிறகு மெனுவுக்குள் போய் ஐந்தையும் 75-க்குக் கொண்டுவந்தோம். பெரியம்மா அன்று ஒரு முழுப் படத்தையும் ரிமோட்டைத் தொடாமல் பார்த்தார்.

இது அந்த ஒரு வீட்டின் கதை மட்டும் இல்லை. நம் தாமான் வீடுகளின் ஹால் ஏறக்குறைய ஒரே அச்சில்தான் இருக்கிறது. ஒரு பக்கம் அடுத்த வீட்டோடு சேர்ந்த சுவர், மறுபக்கம் அறைகளுக்கும் சமையலறைக்கும் போகும் வழி. தரையெல்லாம் டைல்ஸ். சோபா பின்சுவரை ஒட்டிக் கிடக்கும். இப்படிப்பட்ட ஹாலில் பின்பக்க ஸ்பீக்கர் இரண்டும் தானாக ஒரே மாதிரி கேட்க வாய்ப்பே இல்லை. ஒன்றின் சத்தம் சுவரில் பட்டுத் திரும்பி வருகிறது, மற்றதன் சத்தம் சமையலறைப் பக்கம் போய்விடுகிறது.

தூரமும் சேர்ந்துகொள்கிறது. திறந்த வெளியில் தூரம் பாதியானால் சத்தம் 6 டெசிபல் கூடும். முன் ஸ்பீக்கர் 3 மீட்டரிலும் பின் ஸ்பீக்கர் 1 மீட்டரிலும் இருந்தால், கணக்குப்படி 9 டெசிபலுக்கு மேல் வித்தியாசம். அறைக்குள் எதிரொலி கலப்பதால் அது கொஞ்சம் குறையும், ஆனால் இல்லாமல் போகாது. 10 டெசிபல் கூடினாலே நம் காதுக்கு இரு மடங்கு சத்தமாகத் தெரியும். அப்புறம், ஸ்பீக்கருக்கு ஸ்பீக்கர் திறனும் மாறும். அதே 1 வாட்டுக்கு ஒன்று 1 மீட்டரில் 90 டெசிபல் தரும், இன்னொன்று 86-தான் தரும். முன்பக்கம் ஒரு பிராண்டு, பின்பக்கம் மலிவாகக் கிடைத்த வேறொரு பிராண்டு என்று கலந்து பூட்டும் வீடுகளில் இதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அளந்தால்தான் தெரியும்.

அளப்பதற்குப் பெரிய கருவி வேண்டாம். ஒரு சாதாரண சவுண்டு மீட்டர் போதும். அதுவும் இல்லாவிட்டால் கைப்பேசியில் ஒரு மீட்டர் செயலி. கைப்பேசி காட்டும் எண் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம். ஆனால் ஐந்து ஸ்பீக்கரிலும் வருவது ஒரே இரைச்சல், அளப்பதும் ஒரே கைப்பேசி. அதனால் பிழையும் எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி விழும், ஒப்பிட்டுப் பார்க்க அது தடையில்லை. வூஃபருக்கு மட்டும் கைப்பேசியை நம்ப வேண்டாம், தாழ்ந்த ஒலியை அது ஒழுங்காகப் பிடிக்காது. மீட்டரில் இருக்கும் ‘சி’ வெயிட்டிங், ‘ஸ்லோ’ என்ற அமைப்புகளில் அதை வையுங்கள். ஃபேனையும் ஏர்கோனையும் நிறுத்துங்கள். வீட்டார் உட்காரும் இடத்தில், காது இருக்கும் உயரத்தில், மைக் கூரையைப் பார்க்கும்படி பிடியுங்கள். உங்கள் உடம்பு ஸ்பீக்கரை மறைக்காமல் கையை நீட்டிப் பிடிப்பது முக்கியம். டெஸ்ட் டோன் ஒவ்வொரு ஸ்பீக்கராகச் சுற்றி வரும். பெரும்பாலான ரிசீவர்களில் அந்த டோன் 75 டெசிபலுக்கென்று அமைக்கப்பட்டிருக்கிறது. 75 சரியாக வராவிட்டாலும் பாதகமில்லை, ஐந்தும் ஒன்றுபோல வர வேண்டும்.

ஏற்ற இறக்கத்துக்கு ரிசீவரில் 10 அல்லது 12 டெசிபல் வரைக்கும் இடம் இருக்கும். ஒரு ஸ்பீக்கர் அந்த எல்லையில் போய் முட்டிக்கொண்டால் அதோடு விட்டுவிடாதீர்கள். ஸ்பீக்கர் தவறான இடத்தில் இருக்கிறது என்று அர்த்தம். பிராக்கெட்டைக் கழற்றி இடத்தை மாற்றுங்கள். சோபா பின்சுவரோடு ஒட்டியிருக்கும் வீட்டில் பின் ஸ்பீக்கரை உயரத்தில் ஏற்றுவதுதான் பெரிய உதவி. காதுக்குப் பக்கத்தில் இருந்தால் அந்த ஓரத்தில் உட்காருபவருக்கு மட்டும் அது கத்தும், நடுவில் உட்காருபவருக்குச் சரியாக இருக்கும். உயர்த்திவிட்டால் எல்லா இருக்கைக்கும் தூரம் ஓரளவு நெருங்கி வந்துவிடும். நம் வீடுகளில் நடு இருக்கையில் உட்காருவது பெரும்பாலும் பிள்ளைகள், ஓரத்தில் உட்காருவது வயதானவர்கள். ஆகவே நடுவில் அளந்த பிறகு இரண்டு ஓரத்திலும் ஒருமுறை உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள்.

அளவோடு தூரத்தையும் மெனுவில் சரியாகப் போடுங்கள். ஒலி ஒரு மீட்டர் போக ஏறக்குறைய 3 மில்லிசெகண்டு எடுக்கும். பக்கத்தில் உள்ள பின் ஸ்பீக்கரின் ஒலி முதலில் வந்துவிட்டால், சத்தம் குறைவாக இருந்தாலும் காது அந்தப் பக்கம் திரும்பும். முதலில் வந்த ஒலியைத்தான் நம் காது திசையாக எடுத்துக்கொள்கிறது. ஹெல்முட் ஹாஸ் என்ற ஜெர்மானியர் 1949-ல் தன் முனைவர் பட்ட ஆய்வில் இதைத்தான் ஆராய்ந்தார். டேப் வைத்து அளந்து எண்ணைப் போட்டால் ரிசீவர் தானே தாமதத்தைக் கணக்கிட்டுக்கொள்ளும்.

“மைக் வச்சு ஆட்டோவில் போட்டாலே போதுமே” என்று சில தம்பிகள் சொல்கிறார்கள். செட்டோடு வரும் மைக்கை வைத்து ரிசீவரையே அளந்து சரிசெய்ய விடுவதைச் சொல்கிறார்கள். போடுங்கள், நல்லதுதான். ஆடிசி, யமஹாவின் ஒய்பாவோ போன்ற ஆட்டோ முறைகள் இந்த வேலையை நன்றாகவே செய்கின்றன. ஆனால் மைக்கை சோபா மெத்தையின் மேல் போட்டுவிட்டு ஓடவிட்டால் வரும் எண் எதற்கும் உதவாது. கேமரா ஸ்டாண்டில் காது உயரத்தில் நிறுத்துங்கள், ஹாலில் யாரும் நடக்கவோ பேசவோ வேண்டாம் என்று சொல்லுங்கள். தகரக் கூரை போட்ட வீட்டில் மழை பெய்தால், விட்ட பிறகு செய்யுங்கள். முடிந்ததும் மீட்டர் வைத்து ஒருமுறை சரிபாருங்கள்.

ஆடிசி உள்ள செட்களில் டைனமிக் ஈக்யூ என்று ஒன்று இருக்கிறது. வால்யூமைக் குறைக்கக் குறைக்க அது பின் ஸ்பீக்கரின் அளவைத் தானாக ஏற்றும். இரவில் பிள்ளைகள் தூங்கிய பிறகு மெதுவாகப் படம் பார்க்கும் வீட்டில், பின்பக்கம் மட்டும் தூக்கலாகக் கேட்கிறது என்ற புகாருக்கு இது ஒரு காரணம். அதை நிறுத்துங்கள், அல்லது அந்த ஏற்றத்தைக் குறைக்கும் ரெஃபரன்ஸ் ஆஃப்செட்டை 10-லோ 15-லோ வைத்துக் காட்டுங்கள். வீட்டாருக்கு இது தெரிய வழியே இல்லை, நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

உங்கள் பக்க நியாயம் ஒன்றும் எனக்குத் தெரியும். “அண்ணே, பின் ஸ்பீக்கர் வேலையே செய்யல” என்று வாடிக்கையாளர் மறுநாளே போன் போடுகிறார். அதனால்தான் பின்பக்கத்தை ஏற்றிவைக்கிறோம், ஐந்திலும் ஒரே பாட்டு ஓடும் மல்டி சேனல் ஸ்டீரியோவில் விட்டுவிட்டு வருகிறோம் என்பீர்கள். காசு கொடுத்தவருக்குச் சத்தம் கேட்க வேண்டும் என்று ஆசை இருப்பது நியாயம்தான். விசேஷ நாளில் வீடு நிறைய ஆள் இருக்கும்போது பாட்டுக்கு அந்த மோடு பரவாயில்லை. ஆனால் அதிலேயே படம் ஓடினால் முன்னால் நிற்பவன் பேசுவது முதுகுக்குப் பின்னாலும் கேட்கும். இயக்குநரும் ஒலிக்கலைஞரும் எந்த ஒலி எங்கிருந்து வர வேண்டும் என்று பார்த்துப் பார்த்துப் பிரித்து வைத்ததெல்லாம் வீணாகிவிடும்.

பின் ஸ்பீக்கர் சில காட்சிகளில் நிமிஷக்கணக்கில் சும்மா இருக்கும். அது பழுது இல்லை என்பதை வாடிக்கையாளரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஸ்டீரியோவில் மட்டும் வரும் நிகழ்ச்சியில் பின்பக்கத்துக்கென்று தனி ஒலியே கிடையாது. ரிசீவர் தானாகப் பிரித்துக் கொடுப்பதுதான் அங்கே கேட்கும், அதை வைத்து அளவை முடிவு செய்யவே கூடாது. 5.1-ல் உள்ள ஒரு மழைக் காட்சியைப் போட்டுக் காட்டுங்கள். ஹால் அகன்றதுபோல இருக்க வேண்டும், சத்தம் எந்தப் பெட்டியிலிருந்து வருகிறது என்று தலை திரும்பக் கூடாது. அப்புறம் பின் ஸ்பீக்கரின் வயரைக் கழற்றிவிட்டு அதே காட்சியை மறுபடி போடுங்கள். வித்தியாசம் அவருக்கே தெரியும், மறுநாள் போன் வராது. அதற்குப் பிறகும் பின்பக்கம் கொஞ்சம் வேண்டும் என்றால் ஒன்றோ இரண்டோ டெசிபல் ஏற்றிக் கொடுங்கள். அது அவர் வீடு, அவர் ருசி. ஆனால் சமமாக வைத்த இடத்திலிருந்து ஏற்றுங்கள்.

கடைக்காரர்களுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். பூட்டப் போகும் தம்பிகளுக்கு ஒரு மீட்டரும் ஒரு ஸ்டாண்டும் வாங்கிக் கொடுங்கள். ஒரு நாளில் இத்தனை வீடு முடிக்க வேண்டும் என்று விரட்டினால் அவர்களால் இதைச் செய்ய முடியாது. தீபாவளி நெருங்கினால் கடையில் எப்படிக் கூட்டம் சேரும் என்று நானும் பார்க்கிறேன். அந்த நேரத்தில் முடியாவிட்டால் பூட்டிவிட்டு வாருங்கள், பண்டிகை முடிந்ததும் அளக்க வருகிறோம் என்று தேதி சொல்லி, சொன்னபடி போங்கள். இந்த வேலைக்கென்று தனியாக இருபது முப்பது வெள்ளி கேட்டாலும் தப்பில்லை. பல ஆயிரம் வெள்ளி போட்டவர்கள் அதைச் சந்தோஷமாகக் கொடுப்பார்கள்.

செட்டோடு வந்த மைக்கையும் கையேட்டையும் தயவுசெய்து வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள். எங்கள் தாமானிலேயே இரண்டும் காணாமல்போன வீடுகள் இருக்கின்றன, பெட்டியோடு கடைக்குத் திரும்பிப்போயிருக்கும். சோபாவை இடம் மாற்றினாலோ, புது அலமாரி வந்தாலோ மறுபடி அளக்க அது வேண்டும். கடைசியாக, ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் நீங்கள் வைத்த அளவையும் தூரத்தையும் ஒரு தாளில் எழுதி, தேதி போட்டு, ரிசீவரின் பக்கவாட்டில் ஒட்டிவிடுங்கள். பேரப்பிள்ளைகள் ரிமோட்டை அழுத்தி எதையாவது மாற்றிவிட்டால், அந்தத் தாளைப் பார்த்து வீட்டில் யாராவது பழையபடி வைத்துவிடலாம்.

இப்படிக்கு,
சுங்கை சிப்புட்டிலிருந்து உங்கள் வாடிக்கையாளர் ஒருவர்