கரண்ட் மேல் பழி போடாதீர்கள்: உங்கள் ஹெட்போன் ஆம்ப்ளிஃபையர் பற்றி நான்காவது புகார்

பெறுநர்: குறைதீர் அலுவலர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: மே 18 அன்று உங்கள் இணையக் கடையில் 7,490 ரூபாய்க்கு வாங்கிய ஹெட்போன் ஆம்ப்ளிஃபையரில் வலது பக்கம் டிசி (ஒரே திசையில் ஓடும் நேர்மின்சாரம்) வருவது, வாரண்டி மறுக்கப்பட்டது

வணக்கம்.

ஏற்கெனவே மூன்று தடவை எழுதிவிட்டேன். மூன்றுக்கும் எழுத்து மாறாமல் ஒரே பதில்தான் வந்தது: "வாடிக்கையாளர் பகுதியில் உள்ள மின்னழுத்த ஏற்ற இறக்கத்தால் ஏற்பட்ட பழுது, வாரண்டியில் சேராது." பெட்டியைத் திறந்து பார்க்கவில்லை, ஆளனுப்பவில்லை, ஒரு போட்டோகூடக் கேட்கவில்லை. கேரள எல்லையோரத்து எங்கள் புளியரை கரண்டைப் பற்றி உங்களுக்கு யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. எங்கள் ஊரில் கரண்ட் போகும், வரும், சாரல் காலத்தில் காற்றடித்துக் கொப்பு முறிந்தால் ஒரு ராத்திரியில் நாலு தடவைகூடப் போகும். நான் அதை மறைக்கவே இல்லை. கரண்ட் போய் வந்தால் ஒரு ஆம்ப்ளிஃபையர் காதில் மாட்டியிருக்கிறவனை அடிக்கலாமா என்பதுதான் என் கேள்வி. அதற்கு இதுவரை பதில் இல்லை.

முதலில் நான் எதற்கு இதை வாங்கினேன் என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் ஆள் போனில் "பாட்டுக் கேட்கத்தானே சார், போனிலேயே கேளுங்களேன்" என்றார். பழைய கேசட்டுகளைக் கணினியில் ஏற்றிச் சுத்தம் செய்து கொடுப்பது என் தொழில். கோயில் கொடையில் பாடிய வில்லுப்பாட்டு, கல்யாண வீட்டு நாதஸ்வரம், எப்போதோ இறந்துபோன தாத்தா பேரனுக்குப் பேசி வைத்தது என்று தென்காசி முதல் புனலூர் வரை ஆட்கள் கேசட்டோடு வருகிறார்கள். பகலில் ஆரியங்காவு பக்கம் மலையேறும் லாரிச் சத்தத்தில் எதுவும் கேட்காது, ராத்திரிதான் வேலை. என் ஹெட்போன் 300 ஓம் (கரண்ட் ஓட்டத்துக்கு அது காட்டும் தடை), ஒரு வோல்ட் கொடுத்தால் 97 டெசிபெல் என்று அதன் அட்டையில் போட்டிருக்கிறது. போனில் செருகும் சின்ன டாங்கிள் அதிகபட்சம் ஒரு வோல்ட்தான் தருகிறது, 300 ஓமுக்கு அது 3.3 மில்லிவாட். சாதாரணப் பாட்டுக்கு அது போதும். ஆனால் கேசட்டை ஏற்றும்போது பிசிறக்கூடாது என்று அளவைக் குறைத்து வைத்துத்தான் பதிவு செய்வோம், அதில் மூச்சுச் சத்தமும் டேப் இரைச்சலும் பிரித்துக் கேட்க வேண்டும். அதற்குத்தான் ஆம்ப்ளிஃபையர்.

வாங்குமுன் உங்கள் பக்கத்தில் தேடினேன். "300 மில்லிவாட், 16 முதல் 600 ஓம் வரை எந்த ஹெட்போனுக்கும்" என்று பெரிய எழுத்தில் இருந்தது. எத்தனை ஓமில் 300 மில்லிவாட் என்று எங்கேயும் இல்லை. அவுட்புட் இம்பீடன்ஸ், அதாவது ஆம்ப்ளிஃபையருக்கு உள்ளேயே இருக்கும் தடை, எவ்வளவு என்றும் இல்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும், தப்பு என் மேலும் கொஞ்சம் இருக்கிறது. இரண்டையும் நானே அளந்துவிட்டேன். 300 ஓம் ரெசிஸ்டரை வைத்து ஏற்றிப் பார்த்தால் 3.2 வோல்ட்டைத் தாண்டியதும் அலையின் தலை வெட்டுப்படுகிறது, அது 34 மில்லிவாட். என் காதுக்கு அதுவே தாராளம், 107 டெசிபெல் வருகிறது, அதற்கு மேல் யாருக்கு வேண்டும்? அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் 300 ஓம் ஹெட்போன் வைத்திருப்பவன் அந்த "300 மில்லிவாட்" வரியைப் படித்து என்ன நினைப்பான் என்று யோசித்துப் பாருங்கள்.

இம்பீடன்ஸ் விஷயம் அப்படி விட முடியாதது. ஒன்றும் மாட்டாமல் 1.00 வோல்ட் வரும்படி வைத்து 32 ஓம் ரெசிஸ்டரைப் போட்டேன், 0.76 ஆக இறங்கியது. அதாவது உள்ளே 10 ஓம் உட்கார்ந்திருக்கிறது. ஹெட்போனின் ஓமில் எட்டில் ஒரு பங்குக்குள் ஆம்ப்ளிஃபையரின் ஓம் இருக்கட்டும் என்பது இந்தத் துறையில் எல்லாரும் சொல்கிற கணக்கு. என் 300-க்கு 37 வரை போகலாம், கவலையில்லை. 16 ஓம் இயர்போனுக்கு 2 ஓம்தான். சில இயர்போன்களில் ஓம் ஒவ்வொரு சுருதிக்கும் ஏறி இறங்கும், அதில் 10 ஓம் ஆம்ப்ளிஃபையரை மாட்டினால் இயர்போனின் குரலே மாறிப்போகும். "16 முதல் 600 வரை எதற்கும்" என்று எந்தத் தைரியத்தில் அச்சடித்தீர்கள்?

இதெல்லாம் எரிச்சல்தான், புகார் இல்லை. புகார் ஜூன் 27 ராத்திரி நடந்தது.

அக்கா மகன் லீவுக்கு வந்திருந்தான், பன்னிரண்டாம் வகுப்பு. "மாமா, ஒரு பாட்டு இதுல போட்டுப் பாக்கேன்" என்று தன் இயர்போனைச் செருகினான், 16 ஓம், காதுக்குள் அடைத்துப் போடுகிற மாதிரி. நான் கெயின் (சத்தத்தைப் பெருக்கும் அளவு) சுவிட்சைக் குறைவில் வைத்து, வால்யூமை முழுக்க இறக்கி, பிறகுதான் மாட்டச் சொன்னேன். ஒரு பாட்டு ஓடியது. பத்தேகாலுக்கு கரண்ட் போனது. அவன் இயர்போனைக் கழற்றவில்லை, இருட்டில் போனைத் தடவிக்கொண்டிருந்தான். இரண்டு நிமிடம் கழித்துக் கரண்ட் வந்தது. உங்கள் ஆம்ப்ளிஃபையரில் இருப்பது பழைய மாதிரி ராக்கர் சுவிட்ச், ஆனில் இருந்தால் கரண்ட் வந்ததும் அதுவாகவே எழுந்துகொள்ளும். எழுந்தது. பையன் "ஐயோ" என்று அலறி இரண்டையும் பிடுங்கி எறிந்தான். "டப்புன்னு காதுக்குள்ள அடிச்சிட்டு மாமா" என்றான், வலது காதைப் பொத்திக்கொண்டு. அம்மா அடுக்களையிலிருந்து ஓடி வந்து, "ஏலே, பிள்ளைய என்னல செஞ்ச?" என்று என்னைத்தான் திட்டினாள். மறுநாள் தென்காசியில் காது டாக்டரிடம் காட்டினோம், நல்லவேளை காதுக்கு ஒன்றும் ஆகவில்லை, அன்று பூராவும் ஒரு ரீங்காரம் இருந்தது, அடுத்த நாள் போய்விட்டது. இயர்போனின் வலது பக்கம் மட்டும் செத்துவிட்டது. மீட்டரை வைத்தால் காயில், அதாவது உள்ளே சுற்றியிருக்கும் கம்பி, அறுந்திருக்கிறது.

செங்கோட்டையில் எனக்குத் தெரிந்த ரேடியோ மெக்கானிக் ஒருவர் இருக்கிறார், வால்வு ரேடியோ காலத்து ஆள். அவரிடம் கொண்டுபோனேன். சீலை உடைக்கவில்லை, உங்கள் ஸ்டிக்கர் இன்றைக்கும் அப்படியே இருக்கிறது, போட்டோ இணைத்திருக்கிறேன். ஹெட்போன் சாக்கெட்டில் ஒரு பிளக்கைச் செருகி, பாட்டு எதுவும் இல்லாமல், வால்யூம் பூஜ்யத்தில், மீட்டரை டிசியில் வைத்து அளந்தார். இடது பக்கம் 6 மில்லிவோல்ட். அது சரிதான், எல்லாவற்றிலும் கொஞ்சம் இருக்கும், சில பத்து மில்லிவோல்ட் வரை யாரும் கண்டுகொள்வதில்லை. வலது பக்கம் 1.38 வோல்ட். மீட்டர் தப்போ என்று வேறு மீட்டரில் அளந்தார், அதே 1.38. சுவிட்சைப் போட்ட முதல் இரண்டு நொடி அது 4 வோல்ட்டைத் தொட்டு இறங்குகிறது. 16 ஓம் ரெசிஸ்டரை மாட்டி அளந்தபோதும் 0.85 வோல்ட் அசையாமல் நின்றது, கணக்குப் போட்டால் 45 மில்லிவாட். பாட்டு என்றால் ஏறும் இறங்கும், காயில் அசைந்து கொஞ்சம் காற்று வாங்கும். டிசி அப்படி இல்லை, டயாஃப்ரத்தை (சத்தம் எழுப்பும் சவ்வை) ஒரு பக்கமாகத் தள்ளிப் பிடித்துக்கொண்டு தலைமுடியை விட மெல்லிய கம்பியைச் சுட்டுக்கொண்டே இருக்கும். சத்தமும் வராது, அதனால் மாட்டியிருப்பவனுக்குத் தெரியவும் தெரியாது.

மெக்கானிக் சொன்னது இதுதான்: உள்ளே ஐசி (சிக்னலைப் பெருக்கும் சில்லு) போயிருக்கலாம், வேறு ஏதாவதாகவும் இருக்கலாம், திறக்காமல் சொல்ல முடியாது. "ஆனா ரிலே இல்லன்னு திறக்காமலே சொல்லிரலாம்" என்றார். அவர் கடையிலேயே ஒரு பழைய ஸ்பீக்கர் ஆம்ப்ளிஃபையர் கிடந்தது, அதைப் போட்டுக் காட்டினார். சுவிட்ச் போட்டு மூன்று நொடி எதுவும் இல்லை, அப்புறம் உள்ளே "டிக்" என்று ஒரு சத்தம், அதற்கப்புறம்தான் ஸ்பீக்கருக்கு லைன் போகிறது. உள்ளே எல்லாம் நிதானத்துக்கு வரும்வரை வெளியே விடாமல் பிடித்து வைப்பது அந்த ரிலேதான். அவுட்புட்டில் டிசி வந்தால் உடனே துண்டிக்கிற சர்க்யூட்டும் அதோடு சேர்த்து வைப்பது வழக்கம். உங்கள் பெட்டியைப் போட்டோம். டிக் இல்லை. மீட்டர் முள்தான் எகிறியது.

சரி, நீங்கள் சொல்கிறபடியே எங்கள் ஊர்க் கரண்ட்தான் அந்த ஐசியைக் கொன்றது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் பையன் காதில் அடி விழுந்ததற்கு ரிலே இல்லாததுதானே காரணம்? 230 வோல்ட் நாட்டில் விற்கிற பொருள், கரண்ட் போய்வரும் என்பது தெரிந்தேதான் விற்கிறீர்கள். கரண்ட் போனால் ஹெட்போனைக் கழற்றுங்கள், ஆன் செய்த பிறகுதான் மாட்டுங்கள் என்று கையேட்டில் ஒரு வரி போட்டிருந்தால்கூட நான் பையனிடம் சொல்லியிருப்பேன். உங்கள் கையேடு நாலு பக்கம், அதில் மூன்று பக்கம் மற்ற தயாரிப்புகளின் விளம்பரம்.

அடாப்டரைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்தியாவில் விற்கும் அடாப்டரில் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) பதிவு எண் இருக்க வேண்டும், ஆர் என்ற எழுத்தில் தொடங்கும். உங்கள் அடாப்டரில் அது இல்லை. பின்கூட நம் சாக்கெட்டுக்குச் சேராத தட்டைப் பின், கூடவே ஒரு கன்வெர்ட்டர் போட்டிருக்கிறீர்கள், அது சாக்கெட்டில் ஆடுகிறது. ஆம்ப்ளிஃபையரின் மேல் தகட்டைப் புறங்கையால் தடவினால் சுருசுருவென்று இழுக்கிறது, டெஸ்டரை வைத்தால் மங்கலாக எரிகிறது. எர்த் இல்லாத இரண்டு பின் அடாப்டர்களில் இரைச்சலை அடக்க வைக்கும் சின்ன கெப்பாசிட்டர் வழியே இப்படிக் கொஞ்சம் கசியும், ஆளைக் கொல்கிற அளவு இல்லை என்று எனக்கும் தெரியும். ஆனால் பதிவு எண் இல்லாத அடாப்டரில் அது அந்த அளவோடு நிற்கும் என்று நான் எதை வைத்து நம்புவது? சாரல் ஈரத்தில் சிமெண்ட் தரையில் வெறுங்காலோடு உட்கார்ந்து வேலை பார்க்கிறவன் நான்.

இனி உங்கள் உதவி மையத்தின் கதை. மலையடிவாரம் என்பதால் என் போன் பாதி நேரம் கேரளா டவரைத்தான் பிடிக்கும். உங்கள் செயலி அதைப் பார்த்து என்னைக் கொல்லம் மையத்துக்கு அனுப்பியது. அங்கே பேசியவர் "சேட்டா, உங்கள் பின்கோடு தமிழ்நாடு, மதுரையைக் கேளுங்கள்" என்றார். மதுரையைக் கேட்டால் "உங்கள் புகார் கேரளாவில் பதிவாகியிருக்கிறது" என்கிறார்கள். 1956 நவம்பர் 1-ஆம் தேதியே செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சியை விட்டு இன்றைய தமிழ்நாட்டுக்கு வந்துவிட்டது, உங்கள் கணினிக்குத்தான் இன்னும் தகவல் போகவில்லை போலிருக்கிறது. இந்த இழுபறியில் பதினெட்டு நாள் போனது.

அதையாவது பொறுக்கலாம். மதுரை மையத்தில் ஒருவர் சொன்ன யோசனைதான் பயங்கரம். "6.35 மி.மீ. சாக்கெட் பழுதென்றால் பக்கத்தில் 4.4 மி.மீ. பேலன்ஸ்டு சாக்கெட் இருக்கிறதே, ஒரு கன்வெர்ட்டர் வாங்கி உங்கள் ஹெட்போனை அதில் மாட்டிக்கொள்ளுங்கள்" என்றார். தயவுசெய்து இதை இனி யாருக்கும் சொல்லாதீர்கள். பேலன்ஸ்டு அவுட்புட்டில் இடது மைனஸும் வலது மைனஸும் தனித்தனி ஆம்ப்ளிஃபையர், இரண்டும் சிக்னலோடு உயிருள்ளவை, எர்த் கிடையாது. மூன்று கம்பி ஹெட்போனில் அந்த இரண்டும் ஒரே வளையத்தில் சேர்ந்துவிடும், அதாவது இரண்டு ஆம்ப்ளிஃபையரும் ஒன்றோடொன்று ஷார்ட். நான் அதைக் கேட்டிருந்தால் மிச்சமிருந்த இடது பக்கமும் போயிருக்கும், அதற்கும் எங்கள் ஊர்க் கரண்டைத்தான் சொல்லியிருப்பீர்கள்.

உங்கள் விளம்பரத்தில் "காதைக் கிழிக்கும் பவர்" என்று ஒரு வரி இருக்கிறது. எழுதியவருக்கு ஒரு தகவல்: வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பதென்றால் 80 டெசிபெல்லுக்குள் இருக்கட்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 3 டெசிபெல் ஏறினால் நேரம் பாதி, 83-க்கு 20 மணி, 86-க்கு 10 மணி. நாளுக்கு ஆறு மணி நேரம் ஹெட்போனோடு பிழைக்கிற எனக்கு அந்தக் காதுதான் கடை, முதல் எல்லாம்.

எனக்கு வேண்டியது இவ்வளவுதான். ஆம்ப்ளிஃபையரின் 7,490 ரூபாயைத் திருப்பித் தாருங்கள், மாற்றுப் பெட்டி வேண்டாம், இதே டிசைனில் இன்னொன்று வந்தாலும் நான் காதில் வைக்கப் போவதில்லை. மருமகனின் இயர்போன் 1,899 ரூபாய், பில் இணைத்திருக்கிறேன். டாக்டர் பீஸ் 300, அதுவும். பெட்டியை உங்கள் செலவில் எடுத்துப்போங்கள், எடுத்துப்போய்த் திறந்தும் பாருங்கள், வலது பக்க ஐசியில் மீட்டரை வையுங்கள், நான் எழுதியதில் ஒரு எண் தப்பாக இருந்தால் சொல்லுங்கள். இதே மாடலை வாங்கிய மற்றவர்களுக்கும் ஒரு செய்தி அனுப்புங்கள், கரண்ட் போனால் கழற்றச் சொல்லி.

2020-இல் வந்த இணைய வணிக விதிகளின்படி புகார் கிடைத்த 48 மணி நேரத்தில் ஒப்புகையும் ஒரு மாதத்தில் தீர்வும் தர வேண்டியது உங்கள் பொறுப்பு. என் முதல் கடிதம் ஜூலை 2-ஆம் தேதியது, மாதம் தாண்டிவிட்டது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிந்துவிட்டேன். இன்னும் பத்து நாள் பார்ப்பேன், அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். 2019 சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், 5 லட்சம் வரை கட்டணமும் இல்லை. நீங்கள்தான் பஸ் ஏறி வர வேண்டியிருக்கும், வரும்போது சாரல் இருந்தால் குற்றாலத்தில் ஒரு குளியல் போட்டுவிட்டுப் போங்கள்.

பெட்டி அடாப்டரோடு பீரோ மேல் துணி சுற்றி வைத்திருக்கிறது. கூரியர் ஆளை அனுப்பும்போது முகவரியில் தமிழ்நாடு என்று போடச் சொல்லுங்கள், போன தடவை மாதிரி ஆரியங்காவில் போய் நின்றுகொண்டு எனக்குப் போன் அடிக்க வேண்டாம்.

இப்படிக்கு,
புளியரையிலிருந்து உங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: பில் நகல்கள், டாக்டர் சீட்டு, மீட்டர் அளவுகளின் போட்டோ ஆறு, உடையாத சீலின் போட்டோ ஒன்று