என்.சி.சி. மாணவ மாணவியரின் பெற்றோருக்கு: இவ்வாண்டுப் பயிற்சி குறித்து

அன்புடையீர்,

வணக்கம். எட்டாம் வகுப்பில் என்.சி.சி.யில் (தேசிய மாணவர் படையில்) புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கும், ஒன்பதாம் வகுப்பில் இரண்டாம் ஆண்டைத் தொடங்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். பள்ளி அளவிலான பயிற்சி இரண்டு ஆண்டுகள். அதன் முடிவில் வருவது ‘ஏ’ சான்றிதழ் தேர்வு. அத்தேர்வை எழுத பரேடு வகுப்புகளில் 75 விழுக்காடு வருகையும், ஒரு பத்து நாள் கேம்ப்பும் வேண்டும். நன்றாகப் பயிற்சி பெற்ற பிள்ளைகளும் இந்த இரண்டில் ஒன்று குறைவதால்தான் தேர்வெழுத முடியாமல் போகிறார்கள். இரண்டுமே பெரும்பாலும் வீட்டைப் பொறுத்தவை.

முதலில் காகித வேலை. பெயர், பிறந்த தேதி, தலைப்பெழுத்து மூன்றும் ஆதாரிலும் பள்ளிப் பதிவேட்டிலும் வங்கிப் புத்தகத்திலும் ஒன்றுபோல இருக்க வேண்டும். சீருடைப் பணம் பிள்ளையின் கணக்குக்கே நேராக வருகிறது. ஓர் எழுத்து மாறினாலும் நின்றுவிடும். மருத்துவச் சான்று வாங்கும்போது வலிப்பு, ஆஸ்துமா, முன்பு செய்த அறுவை சிகிச்சை எதையும் மறைக்காதீர்கள். சொல்லிவிட்டால் பயிற்சியாளர் அதற்கேற்பப் பார்த்துக்கொள்வார். மைதானத்தில் திடீரெனத் தெரியவந்தால்தான் ஆபத்து.

அடுத்து பூட்ஸ். கேம்ப்பில் பிள்ளைகள் முடங்குவதற்கு முதல் காரணம் குதிகால் கொப்புளம். தடித்த சாக்ஸ் போட்டுக்கொண்டுதான் அளவு பாருங்கள். முன்பக்கம் கட்டைவிரலுக்கு அரை விரற்கடை இடம் இருக்கட்டும். வாங்கியதும் இரண்டு வாரம், தினமும் மாலை அரை மணி நேரம் வீட்டுக்குள்ளேயே போட்டு நடக்கவிடுங்கள். நனைந்துவிட்டால் வெயிலிலோ அடுப்பருகிலோ வைக்காமல், உள்ளே பழைய செய்தித்தாளைத் திணித்து நிழலில் உலர்த்துங்கள். சூடு பட்டால் தோல் வெடிக்கும். பாலிஷ் போடுமுன் காய்ந்த மண்ணைப் பிரஷால் தட்டிவிட வேண்டும், இல்லையென்றால் மண்ணே தோலைக் கீறிவிடும். பெரே தொப்பியை வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்து, சின்னம் இடது கண்ணுக்கு நேர் மேலே வரும்படி வைத்து, துணியை வலப்பக்கம் இழுத்துவிட்டுத் தலையிலேயே காயவிட்டால் வடிவம் நிற்கும். இந்த வேலைகளைப் பிள்ளையே செய்யட்டும். அம்மா பாலிஷ் போட்டுக் கொடுத்த பூட்ஸ் பயிற்சியில் சேராது.

பரேடு நாளில் வெறும் வயிற்றோடு அனுப்பாதீர்கள். சாவ்தான் என்ற விறைப்பு நிலையில் நெடுநேரம் அசையாமல் நின்றால் ரத்தம் கால்களில் தங்கி மூளைக்குப் போவது குறையும். பசியும் தாகமும் சேர்ந்தால் பிள்ளை மயங்கி விழும். ஒரு மணி நேரம் முன்னதாக நான்கு இட்லி, இரண்டு டம்ளர் தண்ணீர் போதும். முழங்காலை விறைப்பாகப் பூட்டிக்கொள்ளாமல், பூட்ஸுக்குள் விரல்களை அசைத்துக்கொண்டே நிற்கச் சொல்லிக் கொடுக்கிறோம்.

ட்ரில்லில் நிமிடத்துக்கு 120 காலடி, ஒரு காலடிக்கு 30 அங்குலம் என்பது தேஸ் சல் எனப்படும் விரைவு நடையின் கணக்கு. முதல் மாதங்களில் பல பிள்ளைகளுக்குப் பதற்றத்தில் வலது கையும் வலது காலும் ஒன்றாக வரும். யாரும் சிரிக்க வேண்டாம். சாதாரணமாக நடக்கவிட்டு, கை வீச்சை மெல்ல மெல்ல உயர்த்தினால் தானாகச் சரியாகும்.

துப்பாக்கிப் பயிற்சியைப் பற்றிப் பலர் அச்சத்தோடு கேட்கிறீர்கள். பயன்படுவது .22 ரைஃபிள். படுத்த நிலையில், குறுகிய தொலைவில், ஒவ்வொருவருக்கும் எண்ணிக் கொடுக்கப்படும் சில குண்டுகள். நம் பள்ளிப் பிரிவுக்கு மேலுள்ள என்.சி.சி. பட்டாலியனின் ராணுவப் பயிற்றுநர்கள் அருகிலேயே இருப்பார்கள். முதலில் பார்ப்பது நடுவில் பட்டதா என்பதை அல்ல, துளைகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு நெருக்கம் என்பதைத்தான். மேலும் கீழுமாகச் சிதறினால் மூச்சை நிறுத்தாமல் சுட்டிருக்கிறார் என்று பொருள். விசையை வெடுக்கென்று இழுத்தாலும் குறி விலகும். சுட்டபின் விழும் வெற்றுத் தோட்டாக் கூடுகளையும் எண்ணியே திரும்பப் பெறுவார்கள், எனவே நினைவுக்காக ஒன்றைக்கூட வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது.

கேம்ப்பில் உணவும் தங்குமிடமும் அரசுச் செலவு. கொசுவலை, போர்வை, எவர்சில்வர் தட்டும் டம்ளரும், ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில், பூட்டு, நான்கு ஜோடி சாக்ஸ், வழக்கமாகச் சாப்பிடும் மருந்து ஆகியவை அவசியம். எல்லாவற்றிலும் பெயர் எழுதுங்கள். நூற்றுக்கணக்கான ஒரே மாதிரித் தட்டுகளில் பெயர் இல்லாதது திரும்ப வராது. நகையும் கைப்பேசியும் வேண்டாம். மூன்றாம் நாள் வாக்கில் வீட்டு ஏக்கம் வரும். அன்று யாராவது போய் அழைத்து வந்துவிட்டால் மீதி நாட்கள் மட்டுமல்ல, அந்த கேம்ப்பே கணக்கில் சேராது. உடல்நலம் காரணமென்றால் நாங்களே உங்களை அழைப்போம். வெறும் ஏக்கம் ஐந்தாம் நாள் தானே தணிந்துவிடும்.

பெண் பிள்ளைகளை மட்டும் கேம்ப்புக்கு அனுப்பத் தயங்கும் வீடுகளுக்குத் தனியாகச் சொல்கிறேன். அவர்களுக்குத் தனித் தங்குமிடம், உடன் பெண் அலுவலர்கள் உண்டு. சந்தேகம் இருந்தால் இடத்தை நேரில் வந்து பாருங்கள், கேள்வி கேளுங்கள். ஆண்டு முழுவதும் வெயிலில் நின்று பயின்றவளைக் கடைசிப் படியில் நிறுத்துவது நியாயமே இல்லை. கல்லூரியில் தொடர்ந்து ‘சி’ சான்றிதழும் பட்டமும் பெற்றால், எழுத்துத் தேர்வின்றி ராணுவ அதிகாரி நேர்காணலுக்கு விண்ணப்பிக்கும் சிறப்பு வழி பெண்களுக்கும் திறந்திருக்கிறது. அப்படித் தேர்வாகிறவர்கள் பயிற்சி பெறும் கல்லூரி நம் சென்னைப் பரங்கிமலையில்தான் உள்ளது.

ஆகஸ்ட் 15 அணிவகுப்பு, நவம்பர் நான்காம் ஞாயிறு என்.சி.சி. நாள், ஜனவரி 26 என மூன்று நாட்களிலும் வெளியூர்ப் பயணம் வைக்காதீர்கள். மரம் நடுதல், தூய்மைப் பணி ஆகியவற்றின் தேதிகள் பட்டாலியனிலிருந்து வந்ததும் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும்.

இணைத்துள்ள சம்மதப் படிவத்தில் தாய், தந்தை அல்லது பாதுகாவலர் பேனாவால் கையெழுத்திட்டு, அவசரத்துக்கு அழைக்க இரண்டு எண்களைக் குறித்து, அடுத்த பரேடுக்கு முன் என்.சி.சி. ஆசிரியரிடம் சேர்ப்பிக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்