உயிரோடு நிற்கிற கண்டலை எண்ணுங்கள்

காற்றில் விடும் காபனுக்கு ஈடுகட்ட என்று வடக்கில் மரநடுகை செய்யும் அதிகாரிகளுக்கும் நிறுவனத்தாருக்கும் வணக்கம்.

போன கார்த்திகையில் எங்கள் கடல்நீரேரிக் கரையில் நீங்கள் நட்ட கண்டல் (அலையாத்தி) கன்றுகளைப் பற்றித்தான் எழுதுகிறேன். எத்தனை நட்டீர்கள் என்று உங்கள் பலகையிலேயே இருக்கிறது. பலகை நிற்கிறது, கன்றுகள் இல்லை.

இடம் பிழை. நீங்கள் தெரிந்தெடுத்த தரவை வெளிக்கு மாரியில் மட்டும்தான் தண்ணீர் வரும். சித்திரையில் நிலம் வெடித்து, மேலே உப்புப் பூத்துக் கிடக்கும். அந்த வெயிலில் இலை கருகித் தண்டாக மிஞ்சிய கன்றுகளையும் மாடுகள் மிதித்துவிட்டன. சுற்றி ஒரு வேலிகூட இல்லை. சிறகுவலை வைக்கிற ஐயா ஒருவர், "இதிலை நடாதேங்கோ தம்பி, அங்காலை ஓடைப்பக்கமா நடுங்கோ" என்று அன்றைக்கே சொன்னார். பனர் பிடித்துப் படம் எடுக்கிற அவசரத்தில் யாரும் காதில் வாங்கவில்லை.

2004 சுனாமிக்குப் பிறகு நாட்டில் நட்ட கண்டல்களிலும் பெரும்பகுதி பிழைக்கவில்லை. பிழையான இடமும் பராமரிப்பு இல்லாததும் காரணம் என்று ஆய்வாளர்கள் எழுதியும்விட்டார்கள். அதைப் படித்தவர்கள்தானே நீங்கள்?

கண்டல் எங்களுக்கு வேண்டும். இறாலும் நண்டும் மீன்குஞ்சும் வளர்வது அந்த வேர்களுக்கிடையில்தான். அது சேர்க்கும் காபனில் பெரும்பங்கு சேற்றுக்குள் போய்விடும். கிளறாமல் விட்டால் நூற்றாண்டுக் கணக்கில் அங்கேயே கிடக்கும். பிடித்த ஒரு தொன் காபனீரொட்சைட்டுக்கு ஒரு கிரெடிட் (ஈட்டுச் சான்று) என்று புகை விடும் நிறுவனங்களுக்கு விற்கலாம், அந்தக் காசில் ஊருக்கும் பங்கு வரலாம். ஆனால் கிரெடிட் கிடைப்பது மரம் வளர்ந்து, வெளியார் வந்து அளந்து சரிபார்த்த பிறகுதான். செத்த கன்று ஒரு கிராம்கூடப் பிடிக்காது. ஆகவே நட்ட கணக்கை விடுங்கள். மூன்று வருஷம் கழித்து உயிரோடு நிற்கிற கணக்கைக் காட்டுங்கள்.

இங்கே எல்லாமே விழாவோடு முடிந்துவிடுகிறது. வீதி அகலிக்கத் தறித்த வேம்புக்கும் மருதுக்கும் பதிலாக வைத்த கன்றுகளுக்கு யார் தண்ணீர் ஊற்றினார்கள்? கிணறுகள் உவராகிக்கொண்டிருக்கும் குடாநாட்டில் இந்த அலட்சியத்தை எப்படித்தான் பொறுப்பது?

சரி, நடந்தது நடந்துவிட்டது. வரும் கார்த்திகைக்கு முன் ஒருதரம் வாருங்கள். தண்ணீர் எதுவரை ஏறி இறங்கும் என்பதைக் கரையில் தொழில் செய்கிறவர்கள் காட்டுவார்கள். நடுகைச் செலவில் ஒரு பகுதியை வேலிக்கும், கன்றுகளைப் பார்த்துக்கொள்ளும் ஊரவர்களின் சம்பளத்துக்கும் ஒதுக்கும்படி தயவாகக் கேட்கிறேன். கிரெடிட் விற்கும் பணத்தில் கடற்றொழிலாளர் சங்கத்துக்கு எவ்வளவு என்பதையும், நடுவதற்கு முன்பே எழுத்தில் தாருங்கள்.

இப்படிக்கு,
கடல்நீரேரிக் கரைவாசி ஒருவர்
யாழ்ப்பாணம்