குட்டிக்கு எத்தன சட்டை போடணும்னு கேட்டியே

கண்ணு,

நேத்து போன்ல நீ பேசுனது பாதி விட்டு விட்டுத்தான் கேட்டுச்சு, மேல ஏற்காட்டுல டவர் அப்படித்தான், அதான் உக்காந்து டைப் பண்றேன், குட்டி தூங்கறப்ப நிதானமா படி. அத்தை ரெண்டு சட்டை, ஸ்வெட்டர், அதுக்கு மேல கம்பளினு சுத்துறாங்க, அம்மா நீ என்னடான்னா ஒரு சட்டை போதும்ங்கிற, நான் யார் பேச்சக் கேக்கறதுனு கேட்டியே. ரெண்டு பேர் பேச்சையும் கேக்காத, புள்ளையோட பின்னங்கழுத்த தொட்டுப் பாரு.

உங்க அத்தைய குத்தம் சொல்லல, அவங்க ஏற்காட்டு மார்கழிப் பனியிலயே புள்ளைங்கள வளத்தவங்க, நான் இங்க சேலம் அம்மாப்பேட்டை வெயில்ல வளத்தவ, ரெண்டு பேருக்கும் அவங்கவங்க ஊர் பழக்கம்தான் வாயில வருது. சேலம் கிட்டத்தட்ட 280 மீட்டர் உயரம், ஏற்காடு 1500. ஆயிரம் மீட்டர் ஏறுனா ஆறு ஆறரை டிகிரி குறையும்ங்கிற கணக்குல, இங்க நான் ஃபேன் போட்டுட்டு படுக்கற அதே நேரத்துல அங்க எட்டு டிகிரி கம்மியா இருக்கும், அதனால நான் இங்கிருந்து சொல்ற கணக்கு அங்க சரியா வராது.

கையும் காலும் ஜில்லுனு இருக்குனு பயந்துக்கற பாரு, அத விடு. பொறந்த புள்ளைக்கு கை கால் வரைக்கும் ரத்த ஓட்டம் இன்னும் நல்லா பழகல, ஜில்லுனுதான் இருக்கும், ஆரம்பத்துல லேசா நீலம் கூட பூக்கும் (உதடு, நாக்கு நீலமானா அது வேற, அப்ப ஒரு நிமிஷம் கூட நிக்காம ஆஸ்பத்திரிக்கு ஓடணும்). உன் கைய நல்லா தேய்ச்சு சூடாக்கிட்டு பின்னங்கழுத்துல, இல்லாட்டி சட்டைக்குள்ள விட்டு நெஞ்சுல வை. கதகதப்பா, காஞ்சு இருந்தா சரியா இருக்குனு அர்த்தம். பிசுபிசுனு வேர்த்து, மூஞ்சி செவந்து, மூச்சு வேகமா வாங்குனா ஒண்ண கழட்டு. நெஞ்சும் வயிறும் ஜில்லுனு இருந்தா ஒண்ணு கூட்டு, கூட்டறதுக்கு முன்னாடி சட்டைய கழட்டி உன் நெஞ்சோட நெஞ்சா போட்டு ரெண்டு பேருக்கும் சேத்து மேல ஒரு போர்வைய போத்து, அது எந்த ஸ்வெட்டரையும் விட சீக்கிரம் சூடு குடுக்கும்.

பெரியவங்க போட்டிருக்கறத விட ஒண்ணு கூட, அவ்வளவுதான் கணக்கு. ஆனா உன்ன அளவா வச்சுக்காத, புள்ள பெத்த உடம்பு, ராத்திரில சும்மாவே வேர்த்துக் கொட்டும், மாப்ள என்ன போட்டிருக்காருனு பாரு. அவரு பனியனும் சட்டையும் போட்டு சும்மா இருந்தா குட்டிக்கு பருத்தி ஜபலா, முழுக்கை சட்டை, மேல ஒரு மெல்லிசு ஸ்வெட்டர். தடியா ஒண்ணு போடறத விட மெல்லிசா மூணு போடறது நல்லது, கழட்டவும் போடவும் வசதி. உள்ள எப்பவும் பருத்திதான், அந்த பளபள நைலான் ஃப்ராக்க போட்டோவுக்கு போட்டுட்டு உடனே கழட்டிரு, வேர்க்குரு வந்துரும்.

நமக்கு குளிருனா நடுங்கி சூடு பண்ணிக்குவோம், பொறந்ததுங்களுக்கு நடுங்க வராது, கழுத்துலயும் தோள்பட்டை நடுவுலயும் இருக்கற ஒரு தனி கொழுப்ப எரிச்சுத்தான் சூடு வச்சுக்கும். ரொம்ப நேரம் குளிர்ல கிடந்தா குடிச்ச பால் சூட்டுக்கே போயிரும், எடை ஏறாது. ஈரம் இன்னும் மோசம், குளிப்பாட்டுனதும் முதல்ல தலைய தொவட்டு, அந்த உடம்புக்கு தலைதான் பெருசு. அந்தக் குளிர்ல தினமும் தலைக்கு ஊத்தணும்னு ஒண்ணும் இல்ல, வாரத்துல ரெண்டு மூணு நாள் போதும், மத்த நாள் வெதுவெதுப்பான தண்ணில துடைச்சு விடு.

இதுக்காக அமுக்கி மூடவும் கூடாது, நான் அத்தைகிட்ட சண்டை போடறதுனா இதுக்குத்தான் போடுவேன். தூங்கறப்ப குல்லா வேண்டாம், சூடு அதிகமானா தலை வழியாவும் வெளிய போகணும், குல்லா நழுவி மூக்க மூடுனாலும் ஆபத்து. பக்கத்துல தொளதொளன்னு கம்பளி, தலகாணி எதுவும் வேண்டாம், மல்லாக்க படுக்க வை. துணி சுத்துறதா இருந்தா இடுப்புக்கு கீழ லூசா விடு, கால் மடக்கி நீட்டணும், பொரள ஆரம்பிச்சதும் சுத்துறத நிறுத்திரு. எல்லாத்துக்கும் மேல, ராத்திரில ரூம சாத்திட்டு கும்முட்டி அடுப்புல கரி போட்டு வைக்கறேன்னு அவங்க சொன்னாங்கனு சொன்னல்ல, அத மட்டும் பண்ண விடவே விடாத, அந்த கரிப்புகைல வர்ற விஷவாயுவுக்கு வாசனை கூட கிடையாது, தூக்கத்துலயே ஆள முடிச்சுரும். சாம்பிராணிப் புகையும் அந்த மூக்குக்கு ஆகாது. மாப்ளய விட்டு சொல்லச் சொல்லு, மகன் சொன்னா கேப்பாங்க.

அப்புறம் ஆறாவது வார ஊசிக்கு கீழ வர்றீங்கல்ல. மேல இருந்து பனில கெளம்பறப்ப குல்லா, சாக்ஸ் எல்லாம் இருக்கட்டும், ஆனா அப்படியே தூங்குதேனு சேலம் வரைக்கும் கூட்டிட்டு வந்துராத, இருபது ஹேர்பின் பெண்டு எறங்கறதுக்குள்ள சட்டைக்குள்ள சூடு ஏறிரும். பாதில நிறுத்தி குல்லாவையும் சாக்ஸையும் கழட்டு, அடிவாரத்துல ஸ்வெட்டர கழட்டு, ஊருக்குள்ள வர்றப்ப ஒரு சட்டை போதும். ஏசி காத்து நேரா மூஞ்சில அடிக்க விடாத. எறங்கறப்ப காது அடைச்சு அழுதா வண்டிய ஓரமா நிறுத்திட்டு பால் குடு. தாகமா இருக்கும்னு யாராவது ஒரு சங்கு தண்ணி குடுக்கச் சொல்லுவாங்க, ஆறு மாசம் வரைக்கும் தாய்ப்பால் தவிர எதுவும் வேண்டாம்.

ஊசி போட்ட ராத்திரி உடம்பு சுடலாம், அப்ப குளிர்காய்ச்சல்னு போத்தி விடாத, ஒரு மெல்லிசு சட்டையோட விட்டு தெர்மாமீட்டர அக்குள்ல வை. 97.7ல இருந்து 99.5 வரைக்கும் சரி. 100.4 தொட்டா, இந்த வயசுல வீட்டு வைத்தியம் எதுவும் பண்ணாம உடனே டாக்டருக்கு போன் போடணும், ஊசினாலதான்னு நாமளே முடிவு பண்ணக்கூடாது. 97.7க்கு கீழ போயி, நெஞ்சோட வச்சும் ஏறல, பாலும் குடிக்கலனா அதுவும் அவசரம்தான். நம்ம குட்டி நெறமாசம், எடையும் நல்லா இருக்கு, அதனால இவ்வளவு போதும், மாசம் கம்மியா பொறந்ததுக்கு கணக்கே வேற, உன் நாத்தனார் புள்ளைக்கு இத அப்படியே சொல்லிராத.

பழைய பருத்திச் சேலைய கிழிச்சு, தொவச்சு காயப்போட்டு வச்சிருக்கேன், வர்றப்ப எடுத்துட்டுப் போலாம். அத்தைக்கு ஒரு கட்டு வெத்தலையும் இருக்கு, குடு, நான் குடுத்ததா சொல்லு.

அம்மா