பள்ளி மேலாண்மைக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்: பிள்ளைகள் உண்ணவும் ஓடியாடவும் நேரம் ஒதுக்குங்கள்

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளின் மேலாண்மைக் குழுத் தலைவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். உங்கள் கூட்டங்களில் சுற்றுச்சுவர், கூடுதல் வகுப்பறை, இடைநின்ற பிள்ளைகள், தேர்ச்சி விழுக்காடு என்று பலவும் பேசப்படுகின்றன. பிள்ளைகள் எப்போது, என்ன உண்கிறார்கள், எவ்வளவு நேரம் விளையாடுகிறார்கள் என்ற பேச்சு எழுந்தால் மட்டும் அது வீட்டு விவகாரம் என்று முடித்துவிடுகிறோம். காலையில் கிளம்பி, மாலைச் சிறப்பு வகுப்பும் முடித்து, விளக்கு வைத்த பிறகு வீடு திரும்பும் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு வீட்டில் கிடைக்கும் நேரம் எவ்வளவு என்று கணக்கிட்டுப் பார்த்தால், அந்தப் பொறுப்பை அம்மாக்களின் தலையில் மட்டும் கட்டுவது எவ்வளவு அநியாயம் என்பது புரியும். கல்வி உரிமைச் சட்டம், 2009, இந்தக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோரும் பாதிப் பேர் பெண்களும் இருக்க வேண்டும் என்று சொல்வதால், தலைமை ஆசிரியருக்கோ கல்வி அலுவலருக்கோ எழுதாமல் உங்களுக்கே எழுதுகிறேன்.

நம் மாநிலத்தில் பள்ளி உணவுக்குக் குறைவில்லை. 1982-இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவில் 2010 முதல் வாரத்திற்கு ஐந்து முட்டை தரப்படுகிறது. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தில் உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று சூடான உணவு கிடைக்கிறது. ஆனால் காலை உணவு ஐந்தாம் வகுப்போடும், சத்துணவு பத்தாம் வகுப்போடும் நின்றுவிடுகின்றன. கோடை விடுமுறை முடிந்து ஆறாம் வகுப்பில் நுழையும் பிள்ளைக்குப் பசி குறைந்துவிடுவதில்லை. பல இடங்களில் பள்ளியின் தூரம்தான் கூடுகிறது. முதல் பேருந்தைப் பிடிக்க வெறும் தேநீரோடு ஓடிவந்து, காலை வணக்கக் கூட்டத்தில் மயங்கி விழும் பிள்ளைகளைப் பார்க்காத ஆசிரியர் இருக்க மாட்டார். ஆறாம் வகுப்புக்கு மேல் வெறும் வயிற்றோடு வருபவர்கள் எத்தனை பேர் என்று ஒவ்வொரு வகுப்பிலும் கூச்சப்படுத்தாமல் விசாரித்து, அந்தக் கணக்கைத் தீர்மானமாக எழுதி அரசுக்கு அனுப்புங்கள். திட்டத்தை விரிவாக்கக் கேட்பதற்கு அதைவிட வலுவான ஆதாரம் தேவையில்லை.

மதிய இடைவேளையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். மணி அடித்ததும் வரிசை, பிறகு தட்டு கழுவக் குழாயடியில் இன்னொரு வரிசை. இரண்டுக்கும் இடையில் கிடைக்கும் சில நிமிடங்களில் சோற்றை அள்ளி விழுங்கும் பிள்ளை, சாம்பாரில் கிடக்கும் கத்தரிக்காயையும் முருங்கைக்காயையும் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவிட்டு, முட்டையை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு ஓடுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தால், காய் பிடிக்காததைவிட நேரம் போதாததே பெரிய காரணம் என்பது தெரியும். முருங்கைக்காயை அவசரமாகத் தின்ன யாரால் முடியும்? தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டி, தட்டில் பாதி காயும் பழமும் கீரையுமாக இருக்க வேண்டும் என்கிறது. அதைப் படமாக வரைந்து சுவரில் ஒட்டுவது எளிது. வகுப்பு வாரியாக இடைவேளையைச் சற்று முன்பின்னாக அமைத்து, குழாய்களைக் கூட்டி, பிள்ளைகளை நிதானமாக உட்காரவைத்து, அவர்களோடு ஓர் ஆசிரியரும் அமர்ந்து அதே உணவை உண்ணச் செய்வதற்குத்தான் முயற்சி வேண்டும்.

பள்ளி வாசல் இன்னொரு சிக்கல். அதிக கொழுப்பு, சர்க்கரை, உப்பு உள்ள உணவுப் பொருள்களைப் பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் பிள்ளைகளுக்கு விற்கக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2020-இலேயே விதி செய்துவிட்டது. நடப்பது வேறு. கூடையில் கொய்யாவும் நெல்லிக்காயும் வேகவைத்த கடலையும் கொண்டுவரும் பாட்டியைப் பாதுகாப்பு என்று சொல்லி விரட்டிவிடுகிறோம். எதிர்க்கடையில் சரம் சரமாகத் தொங்கும் ஐந்து ரூபாய்ப் பொட்டலங்களை யாரும் கேட்பதில்லை. சாதாரணக் குளிர்பானம் 250 மில்லியில் ஏறத்தாழ 26 கிராம் சர்க்கரை, அதாவது ஐந்து தேக்கரண்டிக்கு மேல் இருக்கிறது. கடைக்காரர் நம் ஊர்க்காரர்தான், பெரும்பாலும் அவர் பிள்ளையும் அதே பள்ளியில்தான் படிக்கும். அதிகாரியை அழைத்து அபராதம் போடுவதற்கு முன், சுண்டலும் கடலை மிட்டாயும் வாழைப்பழமும் முன்வரிசைக்கு வரட்டும் என்று குழுவாகப் போய்ப் பேசினால் அவர் மறுக்க மாட்டார் என்றே நம்புகிறேன்.

தண்ணீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. நினைவூட்டி மணி அடித்தாலும் பல மாணவிகள் குடிப்பதில்லை. கழிப்பறைக்குப் போக அஞ்சியே காலையிலிருந்து மாலை வரை தொண்டையை நனைக்காமல் இருக்கிறார்கள். குழுவிலுள்ள பெண் உறுப்பினர்கள் முன்னறிவிப்பின்றி ஒரு நாள் மதியம் அந்தக் கழிப்பறைக்குள் போய்ப் பார்த்துவிட்டு வந்தால், வேறு விளக்கம் தேவைப்படாது.

விளையாட்டுப் பாடவேளையைக் கணக்கு ஆசிரியரும் அறிவியல் ஆசிரியரும் கடன் வாங்குவது நம் பள்ளிகளில் வேடிக்கைப் பேச்சாகவே ஆகிவிட்டது. வாங்கிய கடன் திருப்பித் தரப்பட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. 5 முதல் 17 வயது வரையுள்ளவர்கள் நாள்தோறும் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்க ஓடியாட வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். நம் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளில் பலருக்கு அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு வாரம் முழுவதும் சேர்த்தாலும் அந்த 60 நிமிடம் தேறாது. அதே காலத்தில்தான் காலைச் சிறப்பு வகுப்பும் மாலைத் தேர்வும் சேர்ந்து, இரவு உணவைப் பத்து மணிக்கும் உறக்கத்தைப் பன்னிரண்டுக்கும் தள்ளிவிடுகின்றன. மதிப்பெண் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. என் பிள்ளையும் பொதுத்தேர்வு எழுதப்போகும் பிள்ளைதான். காலை, மாலை இரண்டில் ஒரு சிறப்பு வகுப்பை விட்டுக்கொடுங்கள். மற்றது தொடரும் நாள்களில் அவித்த பயறோ சுண்டலோ தர ஏற்பாடு செய்யுங்கள். சத்துணவு கிடைக்காத பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்பினருக்கு அது இன்னும் அவசியம்.

இவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பெரிய நிதி தேவையில்லை. கால அட்டவணையைத் திருத்தும் மனம் இருந்தால் போதும். அடுத்த கூட்டத்தின் பொருள் நிரலில் மதிய இடைவேளையையும் விளையாட்டுப் பாடவேளையையும் தனித்தனிப் பொருள்களாகச் சேர்த்து, எடுத்த முடிவைப் பதிவேட்டில் எழுதி, பெற்றோர் பார்க்கும்படி அறிவிப்புப் பலகையில் ஒட்டுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அரசுப் பள்ளி மாணவரின் பெற்றோர் ஒருவர்