பேச்சாளருக்கு முன் கல்வெட்டு வரட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழின் நிகழ்ச்சிப் பக்கத்தில் வட்டார வரலாற்றுச் சொற்பொழிவு அறிவிப்புகள் பெருகி வருவது மனத்துக்கு நிறைவாக இருக்கிறது. ஊர்தோறும் மரபுக் குழுக்கள் அமைந்து, நூறு நாற்காலி போட்டு, வரலாறு கேட்க ஆட்கள் வருகிறார்கள் என்பது சிறிய செய்தி அல்ல. ஆனால் சங்ககாலம் முதல் சமஸ்தானக் காலம் வரை என்பது போன்ற தலைப்புகளைப் பார்க்கையில் கவலையாகவும் இருக்கிறது. ஒரு மணி நேரத்தில் இரண்டாயிரம் ஆண்டுகளைத் தாண்டுகிறவர் எந்த இடத்திலும் நின்று ஆதாரம் காட்ட முடியாது. கேட்டவரிடம் அரசர் பெயர்கள்தான் மிஞ்சும். வீடு போய்ச் சேர்வதற்குள் அவற்றின் வரிசையும் குழம்பிவிடும். ஒரு கூட்டத்துக்கு ஓர் ஊர், அந்த ஊரைப் பற்றி ஒரே ஒரு கேள்வி என்று குழுக்கள் வைத்துக்கொள்ள வேண்டும்.

புதுக்கோட்டை மாவட்டத்து நார்த்தாமலையை எடுத்துக்கொள்வோம். மேலமலையில் இருக்கும் விசயாலய சோழீச்சரத்தைக் கட்டியது யார்? பெயரை வைத்துத் தஞ்சைச் சோழர் மரபின் முதல்வரான விசயாலயன் என்று மேடையில் சொல்லிவிடுவது எளிது. கோயிலில் உள்ள கல்வெட்டோ வேறு சொல்கிறது: சாத்தன் பூதி என்ற இளங்கோவதி அரையர் எடுப்பித்த கற்றளி (கல்லால் ஆன கோயில்) மழையால் இடிந்து அழிய, மல்லன் விடுமன் என்ற தென்னவன் தமிழதி அரையன் அதைப் புதுப்பித்தார். விசயாலய சோழீச்சரம் என்ற பெயர் பிற்காலப் பாண்டியர் கல்வெட்டிலிருந்து வருகிறது. பெயர் ஒன்று சொல்ல, சுவர் இன்னொன்று சொல்கிறது. இந்த முரணை அவை முன்னால் வைத்து, எந்தச் சான்றுக்கு எவ்வளவு எடை என்று விளக்க 45 நிமிடம் சரியாக இருக்கும். அதன் பிறகு 20 நிமிடம் கேள்விக்கு. பக்கத்துக் குடைவரையான பழியிலீச்சரத்தையும், இந்த ஊர் தெலுங்ககுலகாலபுரம் என்ற வணிக நகரமாக இருந்ததையும் அடுத்தடுத்த மாதங்களுக்கு வைத்துக்கொள்ளலாம்.

கூட்டத்துக்கு இரண்டு வாரம் முன்பே கல்வெட்டுப் பாடம் குழுவின் கையில் இருக்க வேண்டும். புதுக்கோட்டைக்காரர்களுக்கு இதில் சாக்கு இல்லை. சமஸ்தானக் கல்வெட்டுகளின் மூலபாடம் 1929லேயே அச்சாகிவிட்டது. பாடத்தை இரண்டு பக்கத் தாள் ஒன்றில் அச்சடித்து வருகிறவர்களுக்கெல்லாம் கொடுக்கலாம். முதல் பக்கத்தில் கல்லில் உள்ளபடியே வரி வரியாக, சிதைந்த இடத்தில் புள்ளியிட்டு, மூலம் இருக்கட்டும். மறுபக்கத்தில் சொல் பிரித்த வடிவமும், இன்றைய தமிழில் பொருளும், ஏழெட்டு அருஞ்சொற்களும் போதும். இந்த மூன்றையும் கலந்து ஒரே பத்தியாக அடித்துவிடுவதுதான் அடிக்கடி நடக்கிறது. அப்படிச் செய்தால் கல் சொன்னது எது, படித்தவர் ஊகித்தது எது என்று யாருக்கும் தெரியாமல் போகும். பழைய எழுத்தில் மெய்யெழுத்தின் மேல் புள்ளி பெரும்பாலும் இராது. எகர ஏகார வேறுபாடும் ஒகர ஓகார வேறுபாடும் இராது. ரகரமும் துணைக்காலும் ஒரே வடிவில் இருக்கும். ஒவ்வொரு வாசிப்பிலும் ஒரு முடிவு ஒளிந்திருக்கிறது என்பதை அவையினர் கண்ணால் காண வேண்டும்.

மேடையில் மிகுதியாகத் தவறுவது ஆண்டுக் கணக்கில்தான். முதலாம் இராசராசன் பட்டமேறியது 985. அவருடைய 29ஆம் ஆட்சியாண்டு என்றதும் இரண்டையும் கூட்டி 1014 என்று முடித்துவிடுகிறார்கள். பட்டமேறிய ஆண்டே முதலாம் ஆண்டு என்பதால் ஒன்றைக் கழிக்க வேண்டும். 1013-14 என்பதே சரி. பாண்டியர் கல்வெட்டில் 'யாண்டு 13ஆவதின் எதிர் 2ஆவது' என்ற முறையில் வந்தால், 'எதிர்' என்பதற்குப் பின் வரும் எண்ணையும் கூட்ட வேண்டும்; அது 15ஆம் ஆண்டு. எதிரை விட்டுவிட்டு 13 என்று படிப்பதைப் பல மேடைகளில் கேட்கலாம். சக ஆண்டென்றால் 78ஐக் கூட்டினால் கிட்டத்தட்ட ஆங்கில ஆண்டு கிடைக்கும்.

அரசரை அடையாளம் காண்பதிலும் நிதானம் வேண்டும். சோழர்கள் இராசகேசரி, பரகேசரி என்ற பட்டங்களை மாறி மாறிச் சூடியவர்கள். 'மதிரை கொண்ட' என்ற அடைமொழியோடு கோப்பரகேசரி வந்தால் முதலாம் பராந்தகன் என்று துணிந்து சொல்லலாம். 'திருமகள் போல' என்று மெய்க்கீர்த்தி (அரசன் புகழைச் சொல்லும் தொடக்கப் பகுதி) தொடங்கினால் முதலாம் இராசராசன், 'திருமன்னி வளர' என்றால் முதலாம் இராசேந்திரன். வெறும் கோப்பரகேசரி என்று மட்டும் இருந்தால், எழுத்தமைதியை, அதாவது எழுத்தின் வடிவத்தை, வைத்து இன்ன நூற்றாண்டு என்று சொல்லி நிறுத்திக்கொள்வதே நேர்மை. கோவிராசகேசரி என்பதில் 'கோ' அரசனைக் குறிக்கும், வகரம் உடம்படுமெய். அதைக் கோவி என்று பிரித்துப் படித்துக் காட்டுவதும் நடக்கிறது.

நில அளவு இன்னொரு பள்ளம். வேலி என்ற நில அளவில் இருபதில் ஒன்று மா, எண்பதில் ஒன்று காணி. கல்வெட்டில் இரண்டு மா முக்காணி என்றிருந்தால் அது வேலியில் 11/80. இதுவரை சிக்கல் இல்லை. உடனே ஏக்கருக்கு மாற்றுவதில்தான் பிசகு வருகிறது. பதினாறு சாண் கோல், பன்னிரண்டு அடிக் கோல், பதினெட்டு அடிக் கோல் என்று அளவுகோலே இடத்துக்கு இடம் மாறியிருக்க, இன்றைய தஞ்சாவூர் வேலியை வைத்துப் பெருக்குவது பொருந்தாது. சில கோயில்களின் அதிட்டானம் என்ற அடித்தளப் பகுதியிலேயே அளவுகோல் வெட்டப்பட்டிருக்கும். அப்படிப்பட்ட கோயிலுக்குப் போகிற அன்று ஒரு நாடாவை எடுத்துப் போய், வந்தவர்களையே அளக்கச் சொல்லலாம். எந்தப் படவில்லையும் அந்தப் பத்து நிமிடத்துக்கு ஈடாகாது.

அரையர், நாடாழ்வான், பேரரையன் போன்ற பட்டங்களை இன்றைய சாதிப் பெயர்களோடு ஒட்டிப் பேசும் வழக்கத்தைக் குழுக்கள் முன்கூட்டியே பேச்சாளரிடம் பேசித் தடுக்க வேண்டும். கைதட்டல் கிடைக்கும், அடுத்த மாதம் பாதிப் பேர் வரமாட்டார்கள். அதேபோல், தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் ஊர்நத்தம், குளம், சுடுகாடு ஆகியவற்றோடு பறைச்சேரியும் இறையிலி (வரியில்லா) நிலப் பட்டியலில் தனியே வருவதைக் கூச்சப்பட்டு விட்டுவிடக் கூடாது. ஊர் எப்படிப் பிரிந்து கிடந்தது என்பதற்கு அதைவிட நேரடியான சான்று கிடைப்பது அரிது.

களப்பயணத்துக்கு நேரம் குறிக்கும்போது சுவரின் திசையைப் பார்க்க வேண்டும். வெயில் எழுத்தின் மேல் நேராக விழுந்தால் ஒன்றும் தெரியாது. சாய்ந்து உரசிப் போனால்தான் பள்ளத்தில் நிழல் விழும். வடக்கு, தெற்குச் சுவர்களுக்குக் காலையும் மாலையும் ஏற்றவை. கிழக்குச் சுவருக்கு உச்சிக்குச் சற்று முன், மேற்குச் சுவருக்கு உச்சிக்குச் சற்றுப் பின். மண்டபத்துக்குள் கைவிளக்கைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தால் போதும். எழுத்து தெரிய வேண்டும் என்று சுண்ணாம்பு, மாவு, எண்ணெய், சாக்குக்கட்டி எதையும் தேய்க்க விடாதீர்கள். எண்ணெயில் தூசி படிந்து இறுகும். பிறகு அதைச் சுரண்டப் போய் எழுத்தே கரையும். ஈரத் தாளைத் தூரிகையால் தட்டி மைப்படி (எழுத்தின் மைப் பதிவு) எடுப்பது பயின்றவர் வேலை; அதற்கு முன் அனுமதியும் வாங்க வேண்டும். வயல்வெளியில் தனியாக நிற்கும் நடுகல்லின் துல்லியமான இருப்பிடத்தைச் சமூக ஊடகத்தில் போடுவதையும் தவிர்க்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலருக்கும் மாவட்ட அருங்காட்சியகத்துக்கும் எழுத்தில் தெரிவித்த பிறகு போடுவதற்கு நாள் இருக்கிறது.

ஒவ்வொரு கூட்டத்தின் முதல் ஐந்து நிமிடத்தையும் சென்ற மாதப் பேச்சின் திருத்தத்துக்கு ஒதுக்குவது நல்ல வழக்கம். விடை தெரியாத கேள்விகளை ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்து, விடை கிடைத்த மாதம் சொல்லலாம். பேச்சைக் காணொளியாக வெளியிட்டால் திருத்தத்தையும் அதன் கீழேயே சேர்க்க வேண்டும். தவறான ஆண்டு ஒன்று பரவிவிட்டால் திரும்பப் பிடிக்க முடிவதில்லை.

தங்கள் இதழுக்கு ஒரு வேண்டுகோள். சொற்பொழிவு அறிவிப்பில் பேச்சாளரின் பட்டங்களுக்குக் கொடுக்கும் இடத்தில் பாதியை, எந்த ஊர், எந்தக் கல்வெட்டு, அது அச்சான தொகுதியில் என்ன எண் என்பதற்குக் கொடுங்கள். படித்துவிட்டு வருகிறவர்கள் பத்துப் பேர் இருந்தாலும் கேள்வி நேரம் மாறிவிடும். நார்த்தாமலைக்கு அழைத்துப் போகும் குழுக்கள் தை, மாசியில் போகட்டும். சித்திரையில் காலை ஒன்பது மணிக்கே பாறை காலைச் சுடும். முதியவர்கள் பாதி வழியில் உட்கார்ந்துவிடுவார்கள்.

இப்படிக்கு,
கல்வெட்டு ஆர்வலர் ஒருவர்,
புதுக்கோட்டை மாவட்டம்.